விரிசல் எண் ஏழு

மே 9

அக்கா,

இன்று மே 9, பிற்பகல் இரண்டேகால் மணி. உனக்கு நான் போன் செய்தது இதோடு பதினேழு தடவை. பதினாறு தடவை நீ எடுக்கவில்லை. பதினேழாவது தடவை எடுத்து, "பேசினா நீ ஒருத்தன்தான் பேசுவ. எழுது. எழுத்துல உன்னால குறுக்க புகுந்து கத்த முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

முதலில் எண்கள். நீ அதைக் கேட்கவே இல்லை. நம் வீட்டு மொட்டைமாடியில் நான்கு இடத்தில் வெப்பமானி பதித்திருக்கிறேன். அளவுகள் நேராக என் மேசைக்கு வருகின்றன. பூச்சு அடிப்பதற்கு முந்தைய வாரம் இதே நேரத்தில் தரையின் சூடு அறுபத்துமூன்று டிகிரி. இன்று முப்பத்துநான்கு. வெளிக்காற்று முப்பத்தாறு. புரிகிறதா? உச்சி வெயிலில் கிடக்கும் தரை காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. மின்சாரம் இல்லை, விசிறி இல்லை. வெள்ளையாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். வருகிற வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை வந்த வழியே திருப்பிவிடுகிறது. கட்டடம் வாங்கி வைத்திருக்கும் சூட்டையும் சத்தமில்லாமல் வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. மூன்று வருஷமாக எங்கள் ஆய்வகத்தில் இதே வேலைதான்.

அம்மாவின் மாடி அறை முப்பத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கு இறங்கியிருக்கிறது. போன வருஷம் இதே மாதம் அந்த அறையில்தான் அம்மா மயங்கி விழுந்தாள். தையல் மெஷின் மேலேயே விழுந்தாள். நீதான் தூக்கினாய். மறந்துவிட்டதா?

"கேக்காம செஞ்சிட்ட" என்கிறாய். ஆமாம். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளில் வேலையை முடித்தேன். கேட்டிருந்தால் "யோசிச்சு சொல்றேன்" என்பாய். நீ யோசித்து முடிப்பதற்குள் கோடை முடிந்திருக்கும்.

அப்பா போட்ட கோடுகள் போய்விட்டனவாம். அவை எப்போதோ தேய்ந்து போயிருக்கும் என்று நினைத்தேன். ஆன்டெனாக் கம்பத்தைப் பிடுங்கியது அதன் அடியில் நீர் கசிந்ததால். யாரும் அதில் டிவி பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகிறது.

மாடிக் கதவுக்கு நீ புதுப் பூட்டு போட்டிருப்பதாகப் பெயிண்டர் சொன்னார். மாதம் ஒரு தடவை தூசியைக் கழுவாவிட்டால் பூச்சு வேலை செய்யாது. அவரை உள்ளே விடு.

தம்பி

மே 16

டேய் டிகிரி,

மருந்துக்கடைக் கவுன்டரில் நின்றபடி எழுதுகிறேன். நடுவில் ஆள் வந்தால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள்.

அம்மா மயங்கியது மறந்துவிட்டதா என்று கேட்கிறாய். அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் நான். நீ அன்று போனில், "ரூம் டெம்பரேச்சர் எவ்வளவு?" என்று கேட்டாய். அதுதான் உன் முதல் கேள்வி.

கோடுகள் உனக்கு மறந்திருக்கும். நான் சொல்கிறேன். நம் இருவர் பிறந்தநாளிலும் அப்பா ஆபீஸிலிருந்து மூன்று மணிக்கே வந்துவிடுவார். ரேடியோவில் நேரம் சொல்லும்போது கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார். மாடிக்கு அழைத்துப் போவார். சரியாக நாலு மணிக்குக் கம்பத்தின் நிழல் நுனி எங்கே விழுகிறதோ அங்கே ஆணியால் ஒரு கோடு. என் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, உன் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு. அம்மாவின் கோடு ஏற்கெனவே அங்கே இருந்தது, புள்ளி இல்லாமல். அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்த நாளில் போய் நிழல் கோட்டைத் தொடுவதைப் பார்ப்போம். நிழல் நாள் என்று அவர்தான் பெயர் வைத்தார். "சூரியன் வருஷத்துல ஒரே ஒரு நாள் வந்து உன்னத் தொட்டுட்டுப் போகுது பாரு" என்பார். புதுச் சட்டையைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

அதை முடித்துவைத்ததும் நீதான். உனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் பிறந்தநாள், ஏப்ரல் 4. அம்மா கோட்டையும் பார்க்கவேண்டும் என்று அந்த வருஷம்தான் நீ பிடிவாதம் பிடித்தாய். நாலு பேரும் மாடியில் நிற்கிறோம். நீ ஸ்கேலும் நோட்டுமாக வந்தாய். "ஒரு நாள் இல்லப்பா, ரெண்டு நாள். சூரியன் போகும்போது ஒரு தடவ, திரும்பி வரும்போது ஒரு தடவ. நீங்க சொல்றது தப்பு. அம்மா கோட்டுல இன்னைக்கு நிழலே படல, அதுவும் தப்பா போட்டிருக்கீங்க." அப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "ஆமாடா, தப்பாத்தான் போட்டுட்டேன்" என்றார். அதற்கப்புறம் நிழல் நாள் என்று அவர் வாயில் வரவே இல்லை. போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தக் கோடுகளாவது கிடந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அம்மா மாடி ஏறினாள். கண்ணுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், நல்லவேளை. இல்லையென்றால் உன் வெள்ளையைப் பார்த்து ஆபரேஷன் செய்த கண்ணும் போயிருக்கும். கம்பம் இருந்த இடத்தில் குனிந்து தடவிப் பார்த்தாள். இறங்கி வந்துவிட்டாள். உன்னைத் திட்டவில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

சாவி என் கைப்பையில் இருக்கிறது. அந்தக் கோடுகளோடு வா, திறக்கிறேன். அதுவரை நீயும் வேண்டாம், உன் பெயிண்டரும் வேண்டாம். வருகிற ஆகஸ்ட் கடைசியில் ஆள் வைத்து மொத்தத்தையும் சுரண்டப் போகிறேன்.

அக்கா

ஜூன் 6

அக்கா,

சுரண்டாதே. கோபத்தில் சொல்லவில்லை. சுரண்டினாலும் கோடு வராது. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதை எழுதத்தான் மூன்று வாரம் ஆனது.

அதற்கு முன் ஒரு கேள்வி. மே கடைசியில் தரையின் சூடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி முப்பத்தொன்பதைத் தொட்டது. தூசி படிந்துவிட்டது என்று அர்த்தம். ஜூன் 2, காலை ஏழே காலுக்கு நான்கு வெப்பமானியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டென்று இறங்கின. வடக்கு மூலையில் ஆரம்பித்து வரிசையாக. தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அன்று மதியம் மறுபடி முப்பத்துநான்கு. மழையில்லை, பார்த்துவிட்டேன். யார் கழுவியது? நீயா? நீ என்றால் நன்றி. பெருக்குமாறால் தேய்க்காதே, துணியால் துடை.

இனி அந்த விஷயம்.

வேலை தொடங்கும் முன் பெயிண்டர் பாசியைக் கழுவிவிட்டுத் தரை முழுவதையும் போட்டோ எடுத்து அனுப்பினார். நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து திரையில் விரிசல்களுக்கு எண் போட்டேன். மொத்தம் பதினான்கு. எண் ஐந்து, பக்கத்தில் ஒரு சிறு குழி. எண் ஆறு, பக்கத்தில் இரண்டு சிறு குழிகள். எண் ஏழு, நீளம் பதினொரு சென்டிமீட்டர், மற்றதைவிட ஆழம் அதிகம். அறிக்கையில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "ஆபத்தில்லாத விரிசல்கள். பட்டி வைத்து அடைக்கவும்."

பெயிண்டர் போன் செய்தார். "சார், இந்த மூணும் விரிசல் மாதிரி தெரியலையே. யாரோ கைப்பட கீறின மாதிரி இருக்கு." நான் வேறு வேலையில் இருந்தேன். "விரிசல்தான், அடைங்க. நான் படிச்சவனா நீங்க படிச்சவரா?" என்றேன். இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன்.

அடைத்தது சாதாரணச் சுண்ணாம்பு இல்லை. காய்ந்தால் சிமென்டோடு ஒன்றாகிவிடும். சுரண்டினால் இரண்டும் சேர்ந்துதான் வரும். உன்னையும் என்னையும் அம்மாவையும் விரிசல் என்று எண் போட்டு அடைத்திருக்கிறேன். தேய்ந்து போயிருக்கும் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது தப்பு. தேயவில்லை. போட்டோவில் நன்றாகத் தெரிகிறது.

போட்டோவில் அளவுகோல் வைத்து எடுத்திருப்பதால் கோடுகள் இருந்த இடத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் கண்டுபிடிக்கலாம். கம்பத்தின் உயரம் மட்டும் வேண்டும். கம்பம் எங்கே?

தம்பி

ஜூன் 15

டேய்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் கிழிக்கத் தோன்றியது. "படிச்சவனா" என்று கேட்டாயே, அந்த மனிதரிடம் முதலில் மன்னிப்புக் கேள். அப்புறம் வா என்னிடம்.

மாடியை நான் கழுவவில்லை. ஜூன் 2 காலை ஏழே காலுக்கு நான் கடைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். உன் கடிதம் வந்ததும் கைப்பையைத் திறந்து பார்த்தேன், சாவி இருந்தது. ஆனால் நான் வைக்கும் ஜிப்புக்குள் இல்லை, பக்கத்து ஜிப்புக்குள் இருந்தது. வீட்டில் இருப்பது நானும் இன்னொருத்தியும்தான்.

நேற்று மதியம் பாதி நாள் லீவு போட்டு, சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. தையல் மெஷின். மதியம் இரண்டு மணிக்கு. எனக்கு நினைவு தெரிந்து அந்த அறையில் வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடியதில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பனிக்காலத்தில் கேட்குமே, அதே சத்தம். நீ அதற்குத் தாளம் போட்டுக்கொண்டு படி ஏறுவாய்.

மேலே போனேன். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவிய எடுத்தியாமா?"

"எடுத்தேன். வெச்சிட்டேன்ல?"

"அவன் மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவம்தான். அதுக்காக அழுக்கா விட்டு வைக்க முடியுமா? வெள்ளத் துணிய வாங்கிட்டு துவைக்காம போட்டுப்பியா?"

"குளுகுளுன்னு இருக்குன்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"அவன் கேக்கலையே."

கம்பம் எங்கே என்று கேட்டாய் அல்லவா? அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பழைய போர்வையில் சுற்றி, இரண்டு பக்கமும் நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், குப்பைக்குப் போகும்முன் பெயிண்டரிடமிருந்து வாங்கிக்கொண்டாளாம். தரைக்குள் புதைந்திருந்த இடத்தில் துருக்கறை இருக்கிறது. அதற்கு மேல் நுனிவரை அவளுடைய தையல் டேப்பால் அளந்தோம். நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர். டேப்பை அவள்தான் பிடித்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அக்கா

ஜூலை 1

அக்கா,

பெயிண்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், எங்க வீட்லயும் ஒரு படிச்சவன் இருக்கான்" என்றார்.

கம்பத்தின் உயரம், அது இருந்த துளை, போட்டோ, ஊரின் அட்சரேகை. எல்லாவற்றையும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணக்குப் போட்டேன். உன் கோடு உன் பிறந்தநாளோடு பொருந்துகிறது, ஒரு சென்டிமீட்டர்கூட விலகவில்லை. என் கோடும் அப்படியே. ஆணியும் ரேடியோவும் வைத்துக்கொண்டு அப்பா இவ்வளவு துல்லியமாகப் போட்டிருக்கிறார். எங்கள் ஆய்வகத்தில் இதைவிட மோசமாக அளப்பவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று. பன்னிரண்டு வயதில் நான் சொன்னது தப்பு. சூரியன் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்பது சரி. ஆனால் அது கடிகாரம் பார்த்து நடப்பதில்லை. சில மாதம் சில நிமிடம் முந்தும், சில மாதம் பிந்தும். அதனால் போகும்போது நாலு மணிக்கு விழுந்த இடத்தில், திரும்பும்போது நாலு மணிக்கு விழாது. கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளி விழும். ஆக, சரியாக நாலு மணிக்கு, அதே புள்ளியில், வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான். ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளும் விதிவிலக்கு. நம் வீட்டில் யாரும் அந்த நாளில் பிறக்கவில்லை. அப்பா சொன்னதுதான் சரி. அதைப் பதினாறு வருஷம் கழித்து நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறேன், சொல்ல ஆள் இல்லை. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு. அம்மாவின் கோடு, விரிசல் எண் ஏழு. ஏப்ரல் 4-க்கு அது பொருந்தவில்லை. ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. மற்ற இரண்டையும் ஒரு சென்டிமீட்டருக்குள் போட்ட மனிதர், இதில் அரை மீட்டர் தவறமாட்டார். திருப்பிக் கணக்குப் போட்டேன். அந்த இடத்தில் நாலு மணிக்கு நிழல் விழும் நாள் ஆகஸ்ட் 16.

ஆகஸ்ட் 16 என்ன நாள்? யாருடைய பிறந்தநாளும் இல்லை. கல்யாண நாளும் இல்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல். நான் கேட்டேன் என்றே சொல்.

தம்பி

ஜூலை 11

தம்பி,

கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கணக்குப் போட்டா கண்டுபிடிச்சான்?" என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். அப்புறம் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நான் நடுவில் எதுவும் சேர்க்கவில்லை.

"நீ அப்ப கைக்குழந்த. இவன் பொறக்கல. கொல்லப்பக்கம் தகரக் கொட்டாய்ல மெஷின் போட்டிருந்தேன். எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்து நாள் போயிட்டு வந்து பாக்குறேன், கொட்டாயக் காணோம். இடிச்சிட்டாரு. மேல ரூம் கட்ட ஆரம்பிச்சிருக்காரு. 'உனக்குத்தான், காத்தோட்டமா தைக்கலாம்'னு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. பாதி தச்ச துணியெல்லாம் மூட்டையா கட்டி மழையில. ஒரு வார்த்த கேட்டாரா? உன்னத் தூக்கிட்டு வந்த வழியே திரும்பிட்டேன். எட்டு மாசம் அண்ணன் வீட்ல இருந்தேன்.

"வந்து வந்து நிப்பாரு. நான் பேசல. அப்புறம் ஒரு நாள் நானாவே வந்தேன். மேல தளம் பூசிக்கிட்டிருந்தாங்க. கம்பம் மட்டும் நட்டிருந்துச்சு, சிமென்ட் ஈரம். ஏறிப் போயி நின்னேன். கையில வீட்டுச் சாவி இருந்துச்சு. கம்பத்தோட நெழலு ஈரத்து மேல கெடந்துச்சு. அது நுனியில சாவியால ஒரு கோடு போட்டாரு. 'இனிமே உன்னக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன், இது சாட்சி'ன்னாரு. நாலு மணி. கீழ ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு."

அதனால்தான் அந்தக் கோடு மற்றதைவிட ஆழம். நம்முடையதெல்லாம் அதைப் பார்த்துப் பின்னால் போட்டவை.

"அப்ப அன்னைக்கு அவன்கிட்ட அப்பா, தப்பா போட்டுட்டேன்னு பொய் சொன்னாரா?" என்றேன்.

"பொய் எங்க சொன்னாரு? தப்பு பண்ணினதுக்குப் போட்ட கோடுதானே" என்றாள். "ஒவ்வொரு ஆகஸ்டும் நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஏறிப் போயிப் பாப்போம். உங்களுக்குத் தெரியாது. துணி காயப் போடப் போறோம்னு சொல்லுவோம்."

ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நம் வீட்டில் துணி காயப்போட அப்பா போனது ஒரு நாளாவது உண்டா? நாம் கவனிக்கவே இல்லை.

கட்டிய அறை தகரக் கொட்டகையைவிடச் சூடாகப் போய்விட்டது. அதை அவரிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லையாம். "ஆசையா கட்டினாரு. சூடுன்னு எப்படிச் சொல்றது? காலைல தச்சுக்கிட்டேன்." முப்பது வருஷம் அந்த அறையில் வெந்திருக்கிறாள், டிகிரி. இப்போதுதான் அது அப்பா சொன்ன அறை ஆகியிருக்கிறது. இதைச் சொல்லவேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன். சுரண்ட ஆள் வைக்கப் போவதில்லை.

ஆனால் கேட்காமல் செய்வது இந்த வீட்டு ஆண்களுக்கு ரத்தத்தில் ஓடுகிறது. அவள் கோபம் பூச்சின்மேல் இல்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லாமல் சொன்னாயே, அதன்மேல். அதுவும் அந்தக் கோட்டின் மேலேயே பட்டி வைத்து.

சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். இனி அவளைக் கேள்.

அக்கா

ஜூலை 18

அக்கா,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். மேலாளர் வந்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். "வெப்பமானி சரியா இருக்கு சார்" என்றேன். என்ன பதில் அது.

நான் எதையும் குளிர வைக்கவில்லை, அக்கா. அப்பா பாதியில் விட்ட வேலையை, அவர் செய்த அதே தப்போடு முடித்திருக்கிறேன். அவருக்கு எட்டு மாதம் ஆனது. எனக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது.

கோடு கீறினால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும். மூன்று கோடு, ஒவ்வொன்றும் பதினொரு சென்டிமீட்டர், நாலு மில்லிமீட்டர் அகலம். அறையின் சூட்டில் வித்தியாசம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பார்த்தாயா, இதையும் கணக்குப் போட்டிருக்கிறேன். வந்தாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

செய்யப் போவது:

1. ஆகஸ்ட் 16 காலை முதல் பஸ்ஸில் வருவேன். மாடிச் சாவியை அம்மாவிடம் கேட்பேன். தரவில்லை என்றால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். போன் செய்ய மாட்டேன்.

2. தந்தால், கம்பத்தை அதே துளையில் நடுவேன். தரைக்கு மேல் நூற்று எண்பத்திரண்டு. அம்மாவின் டேப்பால் அளப்பேன். அடியில் கசியாமல் அடைப்பேன். அது மட்டும் எனக்குத் தெரியும்.

3. மூன்றரை மணிக்கு ரேடியோவை வைப்பேன். மூன்று ஐம்பதிலிருந்து நாலு மணிவரை வாயைத் திறக்க மாட்டேன். நீ சாட்சி.

4. நிழல் நுனி எங்கே விழுகிறது என்று அம்மா காட்டுவாள். என் போட்டோவில் உள்ள இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் என் போட்டோதான் தப்பு. வீட்டுச் சாவியால் அவளே கோடு போடட்டும். கை நடுங்கினால், பிடிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் பிடிப்பேன்.

5. உன் கோட்டையும் என் கோட்டையும் அவரவர் நாளில் வந்து போடலாம். அவசரமில்லை. இந்த வார்த்தையை நான் எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய்.

6. அப்பாவுக்கு அங்கே கோடே இல்லை. அவருக்கு எந்த நாள் என்று நான் கணக்குப் போடவில்லை. அம்மாவைக் கேட்பேன்.

தம்பி